ஏமாற்றிய இரண்டாம் பாகங்கள்: க்ரைம் காமெடிகளில் எதைப் பார்க்கலாம், எதை விடலாம்?

ஒரு க்ரைம் காமெடி பிடித்துப்போய்விட்டால், படம் முடிந்த கையோடு அடுத்த கேள்வி வந்து நிற்கும். இதற்கு இரண்டாம் பாகம் இருக்கிறதாமே, அதையும் பார்த்துவிடலாமா? ஏற்கெனவே பார்த்தவர்களைக் கேட்டால் "வேண்டாம்" என்றுதான் சொல்வார்கள். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் எல்லா இரண்டாம் பாகங்களும் ஒரே அளவுக்கு மோசமில்லை. சிலவற்றை முழுதாகவே விட்டுவிடலாம். சிலவற்றில் முதல் அரை மணி நேரம் தேறும். ஒன்றிரண்டு படங்கள், வெளியானபோது தகுதிக்கு மீறியே திட்டு வாங்கின.

ஒரு மாலைப்பொழுது, ஒரே ஒரு படம் என்று வைத்துக்கொள்வோம். போட்டிக்கு நான்கு ஹாலிவுட் படங்களை எடுத்துக்கொள்கிறேன்: 'அனலைஸ் தட்' (2002), 'தி ஹோல் டென் யார்ட்ஸ்' (2004), 'ஓஷன்ஸ் ட்வெல்வ்' (2004), 'பீ கூல்' (2005). நான்குமே நன்றாக ஓடிய ஒரு முதல் படத்தின் தொடர்ச்சி. நான்கிலும் பழைய நாயகர்களே திரும்பி வந்திருக்கிறார்கள். எனவே "அவர் நடிக்காததால்தான் சொதப்பிவிட்டது" என்ற வழக்கமான சாக்கு இங்கே எடுபடாது. நாயகனே மாறிப்போன படங்கள் தனி ரகம், அவற்றுக்குப் பிறகு வருகிறேன். திருப்பங்களைத் தொடாமல் இந்தப் படங்களை ஒப்பிட முடியாது. முதல் பாகங்களையே இன்னும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது.

எதை வைத்து அளப்பது? வசூலை வைத்து அளந்தால் தப்பாகிவிடும். 'ஓஷன்ஸ் ட்வெல்வ்' உலகம் முழுக்க 36 கோடி டாலருக்கு மேல் அள்ளியது, ஆனாலும் அதைத் திட்டாதவர்கள் குறைவு. விமர்சனங்களை வைத்து அளந்தால் நான்கையுமே ஒதுக்கிவிடத் தோன்றும். நான் பார்ப்பது வேறு. க்ரைம் காமெடியில் சிரிப்பு எங்கிருந்து வருகிறது? தப்பான இடத்தில் மாட்டிக்கொண்ட ஆளிடமிருந்து. பக்கத்து வீட்டுக்குக் கூலிக்கொலையாளி குடிவந்துவிட்ட பல் டாக்டர். மனநல மருத்துவரிடம் வந்து உட்கார்ந்து அழும் தாதா. கடன் வசூலிக்க ஹாலிவுட்டுக்குப் போய் சினிமா எடுப்பதிலேயே இறங்கிவிடும் அடியாள். அந்த ஆளுக்கு அந்த இடம் புதிது. அவன் பதறுகிறான், நமக்குச் சிரிப்பு வருகிறது. ஆபத்து நிஜமாக இருந்தால்தான் அந்தப் பதற்றமும் நம்பும்படி இருக்கும். முதல் படம் முடிவதற்குள் அவன் அந்த இடத்துக்குப் பழகிவிடுகிறான். பழகியவனை வைத்து மறுபடியும் எப்படிச் சிரிக்கவைப்பது? இந்த ஒரு சிக்கலில்தான் நான்கு படங்களும் தடுக்கி விழுந்திருக்கின்றன. எது எவ்வளவு ஆழத்தில் விழுந்தது என்பதுதான் வித்தியாசம்.

இருப்பதிலேயே மோசமானதிலிருந்து தொடங்கலாம். 'தி ஹோல் நைன் யார்ட்ஸ்' 2000-இல் வந்தது. மான்ட்ரியலில் பல் டாக்டராக இருக்கும் ஆஸ் வேடத்தில் மேத்யூ பெர்ரி. பக்கத்து வீட்டுக்கு வந்து சேரும் ஜிம்மி 'தி டியூலிப்' என்ற கொலையாளியாக ப்ரூஸ் வில்லிஸ். அந்தப் படத்தில் வில்லிஸ் செய்தது மிகக் குறைவு. சிரித்துக்கொண்டே பேசுவார், தோளில் கை போடுவார். அடுத்த நொடி கொல்வாரா, குடிக்க ஏதாவது எடுத்துத் தருவாரா என்று ஆஸுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ஹாம்பர்கரில் மயோனைஸ் தடவுகிறவனைக் கொல்லலாம் என்று அவர் சொல்லும்போது, அது வெறும் பேச்சா என்று ஒரு கணம் சந்தேகம் வரும். அந்தச் சந்தேகத்தில்தான் படமே ஓடுகிறது. அதைவிட அழகான விஷயம் ஒன்று உண்டு. கடைசியில் ஆஸ் தப்பிப்பது துப்பாக்கியால் இல்லை, தொழிலால். செத்துப்போன ஒருவனின் பற்களை ஜிம்மியின் பற்களைப் போல வேலைசெய்து மாற்றி, ஜிம்மி இறந்துவிட்டான் என்று எல்லோரையும் நம்பவைக்கிறார். ஒரு பல் டாக்டரால் மட்டுமே தீர்க்கக்கூடிய குற்றச் சிக்கல்! திரைக்கதை எழுதியவர் நாயகனுக்கு அந்தத் தொழிலைச் சும்மா கொடுக்கவில்லை என்பது அந்த இடத்தில்தான் புரியும்.

நான்கு வருடம் கழித்து வந்த 'தி ஹோல் டென் யார்ட்ஸ்' இந்த இரண்டையுமே தூக்கிப் போட்டுவிட்டது. ஜிம்மி இப்போது மெக்சிகோவில் ஏப்ரன் கட்டிக்கொண்டு, வீட்டைத் துடைத்துக்கொண்டு, சமைத்துக்கொண்டு, கோழி வளர்த்துக்கொண்டு இருக்கிறார். 'கொலையாளி குடும்பத்தலைவி ஆகிவிட்டான்' என்ற ஜோக் ஒரு நிமிடத்துக்குத் தாங்கும். படம் அதை வைத்தே ஓட்டப் பார்க்கிறது. பயமுறுத்த வேண்டியவர் கோமாளியாகிவிட்டதால், ஆஸ் எதற்குப் பதற வேண்டும் என்றே தெரியவில்லை. பாவம் மேத்யூ பெர்ரி, கத்துகிறார், ஓடுகிறார், இடித்துக்கொண்டு விழுகிறார். முதல் படத்திலும் அதேபோல விழுந்தார், ஆனால் அங்கே விழுவதற்குக் காரணம் இருந்தது. முதல் படத்தில் வில்லனாக வந்து செத்துப்போன கெவின் போலக்கை, இதில் அதே வில்லனின் அப்பாவாக, முகம் நிறைய மேக்கப்புடனும் புரியாத உச்சரிப்புடனும் திரும்பக் கொண்டுவந்தார்கள். பல் மருத்துவம் கதைக்கு எந்த வகையிலும் தேவைப்படவில்லை. முதல் படம் உலக அளவில் 10 கோடி டாலரைத் தாண்டியது. இது 3 கோடியைக்கூடத் தொடவில்லை. வசூலை வைத்து அளக்கக் கூடாது என்று மேலே சொன்னேன், ஆனால் இந்த ஒரு படத்தில் ரசிகர்கள் சொன்ன தீர்ப்பும் என் தீர்ப்பும் ஒன்றுதான். முழுதாக விட்டுவிடலாம்.

'அனலைஸ் தட்' கொஞ்சம் சிக்கலான கேஸ். 1999-இல் வந்த 'அனலைஸ் திஸ்' படத்தில் ராபர்ட் டி நிரோ, பால் விட்டி என்ற நியூயார்க் தாதா. பில்லி கிரிஸ்டல், பென் சோபல் என்ற மனநல மருத்துவர். கோபம் வந்தால் தான் தலையணையைக் குத்துவதாக டாக்டர் சொல்கிறார். தாதா துப்பாக்கியை எடுத்துத் தலையணையைச் சுட்டுத் தள்ளுகிறார். இப்போது தேவலையா என்று கேட்டால், ஆமாம், தேவலை என்கிறார். அந்தக் காட்சியில் மருத்துவம், ஆபத்து, இரண்டு பேருக்கும் நடுவே இருக்கும் தூரம் எல்லாமே அடங்கிவிட்டது. அதோடு விட்டிக்கு நிஜமான ஒரு நோவும் இருந்தது. சின்ன வயதில் கண்ணெதிரே அப்பாவைப் பறிகொடுத்த குற்றவுணர்ச்சி. அது சரியாகத் துப்பாக்கிச் சண்டை நடுவே வெடித்து அழுகையாக வரும்போது சிரிப்பும் வருகிறது, கொஞ்சம் பாவமாகவும் இருக்கிறது.

இரண்டாம் பாகத்தை இயக்கியவரும் அதே ஹரோல்ட் ரேமிஸ்தான். தொடக்கம் மோசமில்லை. சிறையில் தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் விட்டி பைத்தியம் பிடித்ததுபோல நடித்து, 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' என்ற இசை நாடகத்தின் பாடல்களைப் பாடத் தொடங்குகிறார். டி நிரோ பாடுவதைப் பார்ப்பதற்கென்றே அந்தப் பகுதியைப் பார்க்கலாம். அப்புறம் டாக்டரின் பொறுப்பில் வெளியே வந்து ஒழுங்கான வேலை தேடுகிறார். கார் விற்கப் போன இடத்தில், டிக்கியில் எத்தனை பிணம் கொள்ளும் என்று கணக்குச் சொல்லி வியாபாரம் பேசுவார். இந்த இடத்தில் படம் சரியான பாதையில்தான் இருக்கிறது. தப்பான இடத்தில் மாட்டிய ஆள் இப்போது தாதா. நேர்மையான வேலைதான் அவருக்குப் பழக்கமில்லாத உலகம். இதையே பிடித்துக்கொண்டு போயிருந்தால் நல்ல படம் கிடைத்திருக்கும். ஆனால் சில காட்சிகளிலேயே அந்த எண்ணத்தைக் கைவிட்டு, விட்டியை ஒரு மாஃபியா டிவி தொடருக்கு ஆலோசகர் ஆக்கி, அங்கிருந்து தங்கக்கட்டிக் கொள்ளைக்குத் தாவிவிடுகிறார்கள். சிகிச்சை மறந்தேபோகிறது. அப்பாவை இழந்த துக்கம் இந்த முறை டாக்டருக்கு. அதை உருப்படியாகப் பயன்படுத்தாமல், அவர் ஏடாகூடமாக நடந்துகொள்வதற்கெல்லாம் ஒரு சாக்காக வைத்துக்கொண்டார்கள்.

இந்தப் படத்துக்கு வெளியிலிருந்தும் ஒரு அடி விழுந்தது. 'தி சொப்ரானோஸ்' தொடரும் 'அனலைஸ் திஸ்' வந்த அதே 1999-இல்தான், அதற்கு இரண்டு மாதம் முன்னால் தொடங்கியது. அதுவும் மனநல மருத்துவரிடம் போகும் மாஃபியா தலைவனின் கதைதான். 1999-இல் இரண்டுமே புதுசு. 2002-இல் இரண்டாம் பாகம் வந்தபோது அந்தத் தொடர் நான்கு சீசன்களை ஓட்டி, அந்த உறவின் மூலைமுடுக்கெல்லாம் தோண்டிப் பார்த்துவிட்டது. படத்துக்குள் மாஃபியா டிவி தொடரைக் கிண்டலடிக்கும் பகுதி இதற்குப் பதில் சொல்லும் முயற்சி என்று தோன்றுகிறது. ஆனால் கிண்டலில் வலு இல்லை. முதல் படம் உலக அளவில் 17 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது, இரண்டாவது சுமார் 5.5 கோடியோடு நின்றுவிட்டது. தீர்ப்பு: பாதி வரை பார்க்கலாம். கார் ஷோரூம் காட்சிக்குப் பிறகு கையில் ஃபோனை எடுத்துவிடுவீர்கள் என்றால், அதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை.

'பீ கூல்' என் அளவுகோலையே கொஞ்சம் அசைத்துப் பார்க்கும் படம். 1995-இல் வந்த 'கெட் ஷார்ட்டி'யின் நாயகன் சில்லி பால்மர் எதற்கும் பதறுவதே இல்லை. ஜான் டிராவோல்டா அந்தப் படம் முழுக்கக் குரலைக்கூட உயர்த்த மாட்டார். "என்னைப் பார்" என்று ஒரு வார்த்தை, எதிராளி அடங்கிவிடுவான். அப்படியென்றால் சிரிப்பு எங்கிருந்து வந்தது? ஆசையிலிருந்து. சில்லி ஒரு சினிமாப் பைத்தியம். ஆர்சன் வெல்ஸின் 'டச் ஆஃப் ஈவில்' படத்தைத் தியேட்டரில் பார்க்கும்போது வசனங்களைக் கூடவே முணுமுணுக்கும் ஆள். அடியாள் வேலையில் கற்றதை எல்லாம் அப்படியே கொண்டுபோய் தயாரிப்பாளர்களிடமும் நடிகர்களிடமும் போட்டுப் பார்க்கிறான், எல்லாமே வேலைசெய்கிறது. இரண்டு தொழிலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதுதான் ஜோக். அவன் பதறாவிட்டால் என்ன, டெல்ராய் லிண்டோவும் டென்னிஸ் ஃபரினாவும் நிஜமான ஆபத்தாக இருந்தார்கள். ஜீன் ஹேக்மன் நமக்காகவும் சேர்த்துப் பதறினார்.

பத்து வருடம் கழித்து வந்த 'பீ கூல்' படத்தில் சில்லிக்கு சினிமா அலுத்துவிட்டது. இசை உலகத்துக்குப் போகிறான். ஆனால் இசைமேல் அவனுக்கு அந்தப் பைத்தியம் இல்லை. வெறும் தொழில். தொடக்கத்திலேயே, இரண்டாம் பாகம் எடுத்ததை நொந்துகொண்டு ஒரு வசனம் பேசுவான். குழந்தைகளும் பார்க்கும்படியான தரச்சான்று வேண்டுமென்றால் ஒரு குறிப்பிட்ட கெட்டவார்த்தையை ஒரு தடவைதான் சொல்ல முடியும் என்று இன்னொன்று. அந்த ஒரு தடவையை அங்கேயே செலவழித்தும் விடுவான். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தன் குறையைத் தானே கிண்டலடித்துவிட்டால் குறை மறைந்துவிடும் என்று படம் நினைத்துக்கொண்டதுபோலத் தெரிகிறது. 'கெட் ஷார்ட்டி' பெரியவர்களுக்கான படம், அதில் குண்டு பட்டால் வலிக்கும். இதில் ரஷ்யக் கூலிப்படை, ராப் கோஷ்டி, ரெக்கார்டு கம்பெனி ஆட்கள் என்று ஒரு பட்டாளமே துப்பாக்கியோடு அலைகிறது, ஒருவரைப் பார்த்தும் பயம் வரவில்லை. டிராவோல்டாவும் உமா துர்மனும் சேர்ந்து ஆடும் நடனம், அவர்களுடைய 'பல்ப் ஃபிக்ஷன்' நடனத்தை ஞாபகப்படுத்துவதற்காகவே வைத்தது. ஞாபகப்படுத்திவிட்டு அதோடு நின்றுவிடுகிறது.

இத்தனைக்கும் நடுவே ஒருவர் மட்டும் தப்பித்துவிட்டார். டுவைன் ஜான்சன். நடிகனாக ஆசைப்படும் மெய்க்காப்பாளன் எலியட் வேடம். சியர்லீடர்கள் பற்றிய 'பிரிங் இட் ஆன்' படத்திலிருந்து ஒரு காட்சியை எடுத்து, இரண்டு பெண்களின் வசனத்தையும் தானே மாறி மாறிப் பேசி நடித்துக் காட்டுவார். ஒற்றைப் புருவத்தை உயர்த்துவதுதான் தன் திறமை என்று முழுதாக நம்புகிற ஆள். யோசித்துப் பார்த்தால், 'கெட் ஷார்ட்டி'யில் சில்லிக்கு இருந்த அதே ஆசைதான் இங்கே எலியட்டுக்கு இருக்கிறது: அடியாள் வேலையிலிருந்து சினிமாவுக்குள் நுழைந்துவிட வேண்டும். இரண்டாம் பாகத்தின் உண்மையான நாயகன் அவன்தான். எடுத்தவர்களுக்குத்தான் அது தெரியவில்லை. மோசமான நாயகன், அருமையான துணைப்பாத்திரம். அதனால் இந்தப் படத்தை இரண்டாமிடத்தில் வைக்கிறேன். எலியட் வராத காட்சிகளை ஓட்டிவிட்டுப் பார்த்தாலும் கதை புரியும்.

சரி, 'ஓஷன்ஸ் ட்வெல்வ்'. ஸ்டீவன் சோடர்பெர்க் 2001-இல் எடுத்த 'ஓஷன்ஸ் இலெவன்', லாஸ் வேகாஸ் காசினோ பணத்தைக் கொள்ளையடிக்கும் ஒரு திருட்டுக் கூட்டத்தின் கதை, கச்சிதமான படம். அதில் திருடிய 16 கோடி டாலருக்கு மேற்பட்ட பணத்தை வட்டியோடு திருப்பிக் கொடு, இரண்டு வாரம் டைம் என்று காசினோ முதலாளி பெனடிக்ட் வந்து நிற்பதில் இரண்டாம் பாகம் தொடங்குகிறது. இது நல்ல தொடக்கம். முதல் படத்தின் வெற்றியே இரண்டாவதில் ஆபத்தாகத் திரும்பி வருகிறது. மற்ற மூன்று படங்களும் செய்யத் தவறியது இதுதான். அமெரிக்காவில் தலைகாட்ட முடியாமல் ஆம்ஸ்டர்டாமுக்கும் ரோமுக்கும் போகிறார்கள். புதுசாகப் பதறுவதற்கு ஆளும் இருக்கிறது. மேட் டேமனின் லைனஸ், தனக்கும் பெரிய பொறுப்பு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு, ராபி கோல்ட்ரேனோடு நடக்கும் ஒரு சந்திப்பில் உட்காருகிறான். எல்லோரும் விடுகதைபோல அர்த்தமில்லாமல் பேசுகிறார்கள். தன் முறை வந்ததும் தெரிந்த ஒரு பாட்டு வரியை எடுத்துவிடுகிறான், மொத்தக் கூட்டமும் அதிர்ந்துபோய்ப் பார்க்கிறது. நான்கு படங்களிலும் சேர்த்து எனக்கு அதிகம் சிரிப்பு வந்த இடம் இதுதான்.

பிறகு எங்கே சறுக்கியது? பலர் கைகாட்டுவது ஜூலியா ராபர்ட்ஸ் காட்சியை. அவர் நடிக்கும் டெஸ் பாத்திரம் (கூட்டத்தின் தலைவன் ஓஷனின் மனைவி), ஜூலியா ராபர்ட்ஸ்போலவே இருப்பதால் ஜூலியா ராபர்ட்ஸாக வேடம் போட வேண்டி வருகிறது. போதாதற்கு ப்ரூஸ் வில்லிஸ் வேறு ப்ரூஸ் வில்லிஸாகவே வந்து நிற்கிறார். நட்சத்திரங்கள் தங்களுக்குள்ளேயே சிரித்துக்கொள்ளும் சமாச்சாரம் என்று திட்டினார்கள். எனக்கு அந்தக் காட்சி பிடிக்கும். திருட்டே தெரியாத ஒரு பெண், கொஞ்சமும் தயாரில்லாமல், தப்பான இடத்தில் நிற்கிறாள். க்ரைம் காமெடிக்கு வேறென்ன வேண்டும்?

நிஜமான தப்பு க்ளைமாக்ஸில் இருக்கிறது. ஃபாபர்ஜே முட்டை என்ற விலைமதிப்பற்ற அலங்கார முட்டையைத் திருட இவ்வளவு நேரம் போட்ட திட்டமெல்லாம் வெறும் நாடகம், முட்டையை முன்பே ரயிலில் வைத்து மாற்றிவிட்டோம் என்று கடைசியில் சொல்கிறார்கள். 'இலெவன்' படமும் நம்மை ஏமாற்றியது. ஆனால் பெட்டக அறையைப்போலவே இன்னொரு அறையை அவர்கள் கட்டியதை நாம் பார்த்தோம். ஒத்திகைக்காக என்று நம்பினோம், அதையே வைத்து பெனடிக்டை ஏமாற்றியபோது நம்மைநாமே நொந்துகொண்டு ரசித்தோம். 'ட்வெல்வ்' நம்மிடம் சீட்டைக் காட்டவே இல்லை. காட்டாமல் ஜெயிப்பதில் என்ன கெட்டிக்காரத்தனம்? முக்கால் படம் ரசித்தவர்களையும் கோபத்தோடு அனுப்பிவைத்தது இந்தக் கடைசிப் பத்து நிமிடம்தான்.

இங்கே இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. 'ட்வெல்வ்' வேண்டாமென்று நேரே 'ஓஷன்ஸ் தர்ட்டீன்' (2007) போய்விடலாமா? போகலாம், கதை புரிவதில் பெரிய சிக்கல் வராது. மறுபடி லாஸ் வேகாஸ், கூட்டாளியை ஏமாற்றி, நோயில் விழவைத்த ஹோட்டல் முதலாளியாக அல் பசினோ, பழிவாங்கல் என்ற நேரான காரணம். பகடைகளில் கைவைப்பதற்காக மெக்சிகோ தொழிற்சாலைக்கு அனுப்பப்பட்டவன், வந்த வேலையை மறந்து தொழிலாளர்களைத் திரட்டி வேலைநிறுத்தம் செய்ய ஆரம்பித்துவிடும் கிளைக்கதை ஒன்று போதும். தப்பான இடத்தில் மாட்டியவன் அந்த இடத்தையே தன் இடமாக்கிக்கொண்டுவிடுகிறான். 'ட்வெல்வ்' அளவுக்குத் துணிச்சல் இல்லாத படம், ஆனால் கோபப்படுத்தாது.

நாயகன் மாறிப்போன ரகத்துக்கு அதிக இடம் தேவையில்லை. 'தி ஸ்டிங்' (1973) சிறந்த படம் உட்பட ஏழு ஆஸ்கர் வாங்கியது. பால் நியூமனும் ராபர்ட் ரெட்ஃபோர்டும் இல்லாமல் 1983-இல் வந்த இரண்டாம் பாகத்தை எழுதியவரும் முதல் படத்துக்கு ஆஸ்கர் வாங்கிய அதே டேவிட் வார்டுதான், ஆனாலும் தேறவில்லை. 'பண்ட்டி அவுர் பப்ளி 2' (2021) ராணி முகர்ஜியை வைத்துக்கொண்டு அபிஷேக் பச்சனுக்குப் பதிலாக சைஃப் அலி கானைக் கொண்டுவந்தது. ஜோடிப் படத்தில் பாதி ஜோடியை மாற்றினால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. 'சூது கவ்வும்' (2013) ரசிகர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நலன் குமரசாமியும் விஜய் சேதுபதியும் இல்லாமல், மிர்ச்சி சிவாவை வைத்து 2024 டிசம்பரில் இரண்டாம் பாகம் வந்தது. சிவா குறைவான நடிகர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் உலகத்தையே நக்கலடிக்கும் நாயகன். விஜய் சேதுபதியின் தாஸ், கடத்தலுக்கென்று தான் போட்டுவைத்த விதிகளை மந்திரம்போல நம்பிய ஆள். அந்த விதியை மீறி அமைச்சரின் மகனைக் கடத்தப்போனதும் எல்லாம் கலகலத்ததுதான் கதை. எதையுமே சீரியஸாக எடுத்துக்கொள்ளாதவனிடம் எந்த விதியை உடைத்துக் காட்டுவது?

ஆக, தேர்வு. ஒரே ஒரு படம் என்றால் 'ஓஷன்ஸ் ட்வெல்வ்'. 'இலெவன்' ஞாபகத்தில் புதிதாக இருக்கும்போதே பார்ப்பது நல்லது, பெனடிக்டின் மிரட்டலுக்கு அப்போதுதான் எடை இருக்கும். முடிவு ஏமாற்றும் என்று இப்போதே தெரிந்துவிட்டதால் உங்களுக்குக் கோபம் குறைவாகத்தான் வரும். திருட்டுத் திட்டம் கச்சிதமாக இருந்தே ஆக வேண்டும் என்கிறவர் 'தர்ட்டீன்' எடுத்துக்கொள்ளலாம். நண்பர்களோடு பேசிக்கொண்டே, அங்கங்கே கவனித்துச் சிரிக்க ஏதாவது வேண்டுமென்றால் 'பீ கூல்'. தனியாக இருக்கிறீர்கள், டி நிரோ பிடிக்கும், தூங்கப்போக முக்கால் மணி நேரம்தான் இருக்கிறது என்றால் 'அனலைஸ் தட்' சரியாக இருக்கும். 'டென் யார்ட்ஸ்' பார்த்தே தீர வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்கள் 'நைன் யார்ட்ஸ்' படத்தையே இன்னொரு தடவை ஓடவிடட்டும், பல் டாக்டர் இந்த முறையும் தப்பிப்பார்.